வெள்ளி, ஏழாவது பீரியட்

கால அட்டவணையின் கடைசிக் கட்டத்தில்
'நூ' என்று ஒற்றை எழுத்து.
இடம் போதவில்லை,
எனக்கு முன்னால் இருந்தவர் சுருக்கிவிட்டார்.

ஏற்காட்டுக்கும் மேலே, ஆறு அறைப் பள்ளி.
நான்கு வருஷம் அந்த நூவின் சாவி என்னிடம்.
மூன்று இருபதுக்குத் திறப்பேன், நான்குக்குப் பூட்டுவேன்.
ஆளுக்கொரு புத்தகம், பேரேட்டில் ஒரு கையெழுத்து.
ஒன்றும் கிழியவில்லை. ஒன்றும் தொலையவில்லை.
சேலத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்
திருப்தி என்று எழுதினார்.
அந்த ஒரு சொல்லை மடியில் வைத்துக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும்
தூங்கியபடி இறங்கியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட்,
அஞ்சாப்பு சேர்வராயன் தீப்பெட்டியோடு வந்தான்.
உள்ளே வண்டு. உடம்பைவிட மீசை நீளம்.
காப்பிச் செடியைத் துளைக்கிறதாம்,
அப்பா நசுக்கப் போனதைக் கெஞ்சி வாங்கினானாம்.
"இதுக்குப் பேரு என்ன டீச்சர்?"
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றேன்,
நாக்குக்குப் பழகிய பதில்.
"அதுக்குள்ள செத்துரும் டீச்சர்."

குறையாகச் சொல்லவில்லை.
தகவலாகச் சொன்னான்.

சாயங்காலம் பேரேட்டைப் புரட்டினேன்.
அவன் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.
கரடிப்பள்ளத்திலிருந்து வருகிற
மற்ற ஆறு பேருடையதும் இல்லை.
மூன்றேகாலுக்கு அவர்களுக்கு பஸ்.
விட்டால் ஆறரை. நடந்தால் காட்டெருமை.
நான் பூட்டில் சாவியைத் திருகும்போது
அவர்கள் முதல் திருப்பத்தில்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.
இத்தனை வருஷமும் வகுப்பில் ஏழு இடம் காலியாவதைப் பார்த்து
சத்தம் குறைந்ததே என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மணி அடிக்குமுன் திறந்தேன்.
மீசை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
மூன்று புத்தகம் பார்த்தோம்:
மீசை ஒத்தது, புள்ளி ஒக்கவில்லை.

ரெஜினா டீச்சர் தலைமையில் கூட்டம்.
அங்கமுத்து சார் கேட்டார்:
"பாதிக் கணக்கில் எழுந்து போனால்
மீதிக் கணக்கை யார் போடுவது?"
நியாயம்தான்.
'நூ'வை அழித்து அந்தக் கட்டத்தை
அவருக்கே கொடுத்தோம்.
சாவியை ஆணியில் மாட்டினோம்,
ஆணியை மூன்றாம் வகுப்புக்கு எட்டும் உயரத்தில் அடித்தோம்.

நான்கு நாள் யாரும் தொடவில்லை.
கதவோரம் நின்று ஒருத்தி கேட்டாள்:
"இன்னைக்கு வெள்ளிக்கிழமையா டீச்சர்?"

அப்புறம் வந்தார்கள்.
வாய்ப்பாட்டுக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு,
முகத்திலேயே தெரியும்.
அதில் ஒருவன் கப்பல் புத்தகத்தில்
நாற்பதாம் பக்கம் போய்விட்டான்.
ஒண்ணாப்பு மதுவர்ஷினி எதையும் பிரிப்பதில்லை,
உலக வரைபடத்தின் மேல் தூங்கிவிட்டுப் போவாள்.
மூன்று புத்தகம் காணோம்.
ஒன்று திரும்பியது, சாம்பார் வாசத்தோடு,
நடுவில் நசுங்கிய பச்சை மிளகோடு.
கரடிப்பள்ளத்துப் பிள்ளைகளுக்கு
இப்போது வெள்ளிக்கிழமைக் கணக்கு போகிறது.
அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

இந்த வருஷமும் ஆய்வு.
அட்டவணையில் விரல் ஓட்டினார்:
"நூலக வேளை எப்போது?"

பதில் வரவில்லை எனக்கு.
பேரேட்டை நீட்டினேன்.
நேரம் என்ற பத்தியில்
கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கள் எழுதியிருந்தார்கள்:
மழை விட்டதும்.
பல் விழுந்தப்புறம்.
அழுதுட்டு.
சத்துணவுக்கு முன்னாடி, பசிச்சப்போ.

அவர் பேனாவை மூடிவிட்டு
முதல் பக்கத்துக்குப் போனார்.
முதல் வரி, கோணல் எழுத்து, சேர்வராயன்:
பூச்சி உயிரோட இருக்கும்போது.